மண்டபம் ஊரில் ஏசி, ஃப்ரிட்ஜோடு வாடகை வீடு பார்ப்பவர்களுக்கு

போன வருடம் தை பிறந்ததும் வேலை மாற்றலாகி ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் வந்தோம். கைக்குழந்தை இருந்ததால் ஏசி, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் இருக்கிற வீடாகத் தேடி ஒன்றைப் பிடித்தோம். வீட்டுக்கு 8,000, பொருளுக்கு 2,000 என்று வீட்டுக்காரரே பிரித்துச் சொன்னார். அட்வான்ஸ் 30,000. எல்லாம் வாய்ப்பேச்சுதான். “நமக்குள்ள எதுக்கு தம்பி பத்திரம்?” என்றார். நானும் தலையாட்டினேன். நான் செய்த பெரிய தவறு அது.

தை மாதக் குளிரில் ஏசியை ஐந்து நிமிடம் போட்டுக் காட்டினார். சில்லென்றுதான் இருந்தது. சித்திரையில் அதிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மெக்கானிக் மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றிவிட்டு என்னையும் மேலே கூப்பிட்டார். பின்பக்கத் தகடுகளில் விரலை வைத்ததும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. செம்புக் குழாயில் இரண்டு இடத்தில் பழைய தழும்பு. “அண்ணே, இது ஏற்கெனவே ரெண்டு தடவ பத்த வச்ச காயில். கேஸ் ஏத்தி ஏத்தி ஓட்டியிருக்காங்க” என்றார்.

மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் இருப்பது ஒடுங்கிய நிலம். வடக்கிலிருந்து வாடைக் காற்று அடித்தாலும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தாலும் உப்பு வீடு தேடி வந்துவிடும். இங்கே அவுட்டோர் யூனிட்டை அடிக்கடி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டுமாம். குடிக்கிற தண்ணீரையே குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம், யார் கழுவியிருக்கப் போகிறார்கள்?

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். “நான் குடுக்கும்போது ஓடுச்சுல்ல? உங்க கைக்கு வந்தப்புறம் கெட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” என்றார். பொருளுக்கென்று வாங்கும் 2,000 மட்டும் மாதாமாதம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது ஹீட்டர். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. குழந்தையைக் குளிப்பாட்ட என் மனைவி குழாயைத் திறந்தபோது கையில் சுரீர் என்று அடித்தது. நல்லவேளை, குழந்தை அப்போது என் மாமியார் மடியில் இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து ஹீட்டரின் காயில் வெடித்திருந்தது. அதைவிட மோசம், அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை இருந்தது, உள்ளே கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் வயரே இல்லை. இரண்டையும் என் காசில்தான் சரி செய்தேன்.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யார் எதைச் சரி செய்ய வேண்டும் என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஹீட்டர், ஸ்விட்ச், சாக்கெட் போன்றவற்றின் பழுதும் மின்சாதனப் பழுதும் நம் பொறுப்பு! படித்தபோது எனக்கே திக்கென்றது. பொருளுக்கு வாடகை கொடுத்தால் அது கெட்டால் அவர்தான் பார்ப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். எர்த் வயர் வயரிங்கில் சேரும், அது அவர் தலையில்தான் விழும். சொல்லியும் செய்யாவிட்டால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஒரு மாதத்துக்குப் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால்...

பங்குனியில் காலி செய்தோம். ஏசி காயிலுக்கும் ஃப்ரிட்ஜின் அடித்தகட்டுத் துருவுக்கும் சேர்த்து 14,000 பிடித்துக்கொண்டு மீதி 16,000ஐக் கொடுத்தார், அதுவும் இரண்டு மாதம் அலையவிட்டு. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இல்லாமல், அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போய் எதைக் காட்டுவது? மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுக்கிறவர்கள் ஒரு பக்கத் தாளுக்கு வெட்கப்படாதீர்கள். ஒவ்வொரு பொருளும் இன்ன நிலையில் இருக்கிறது, கெட்டால் இன்னார் செலவு என்று எழுதுங்கள். சாவி வாங்கும் அன்றே எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஏசியை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுத்தாவது குளியலறை எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் குடியேற வேண்டும், குழந்தை இருக்கிற வீடென்றால் கட்டாயம்.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். ‘ஏசி வசதியுடன் வீடு வாடகைக்கு’ என்று கேட்டில் அட்டை தொங்குகிறது. மாடியில் அதே அவுட்டோர் யூனிட், முன்பக்கம் புது வெள்ளைப் பெயின்ட். பார்க்கப் போகிறவர்கள் மாடி ஏறி, அதன் பின்பக்கத் தகட்டை விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.