சென்னையில் கப்பல் ஏறலாமா? சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் உள்ளவர்களுக்காக ஒரு மதிப்புரை

அறுபதாம் கல்யாணமான சாந்தி முடிந்த கையோடு அப்பச்சியையும் ஆத்தாளையும் (அப்பாவையும் அம்மாவையும்) கப்பலில் அனுப்பலாம் என்ற பேச்சு 2022 ஆடியில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறைய அடிபட்டது. 2022 ஜூன் 4 அன்று கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கியதுதான் காரணம். கொண்டுவிக்க (கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய) போன பாட்டன்மார் காலத்தில் கப்பல் என்றால் பினாங்கு, ரங்கூன், திரும்பி வர வருஷக்கணக்கு. இன்று இரண்டு ராத்திரியில் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் கொரோனா போய்விடவில்லை. 2022 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் மறுபடி ஏறுமுகமாக இருந்தது. வயது அறுபதைத் தாண்டி, மாத்திரை டப்பாவோடு வாழ்கிறவர்களுக்கு இந்தச் சேவை ஏற்றதா என்று பார்ப்போம்.

கப்பல் புதிதல்ல. 1990-ல் கட்டியது. ராயல் கரீபியனிடம் பல காலம் ஓடிவிட்டு இங்கே வந்திருக்கிறது. பயணிகள் 1800 பேர் வரை ஏறலாம், ஊழியர்கள் தனி. பழைய கப்பல் என்பதால் சாதாரண அறைகள் சின்னவை. இரண்டு பேர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நடமாட முடியாது. குளியலறை வாசலில் நிலைப்படி மாதிரி ஒரு மேடு இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் சிறுநீர் கழிக்கப் போகிறவர்களைத் தடுக்கி விடுவது இதுதான். நடுமுற்றம் உள்ள வளவு வீட்டில் உயர்ந்த நிலைகளைத் தாண்டிப் பழகிய கால்தான் என்றாலும், ஆடுகிற தரையில் அந்தப் பழக்கம் கை கொடுக்காது. சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போய்க் குளியலறைப் பக்கம் எரிய விடுங்கள்.

அறை எடுப்பதில் பெரும்பாலானவர்கள் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். உள்ளறை வேண்டாம், காற்றுக்காகக் கடல் தெரியும் அறை வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டுகிறார்கள். கடல் தெரியும் அறையின் கண்ணாடி திறக்காது. வெளிச்சம் வரும், தலைசுற்றலுக்குத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காற்று மட்டும் உள்ளறைக்கு வருகிற அதே ஏசி குழாய்க் காற்றுதான். வெளிக்காற்று வேண்டுமென்றால் பால்கனி அறை எடுக்க வேண்டும். இந்தக் கப்பலில் அவை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். முகப்பில் நுழைந்த காற்று வளவு வழியாகப் பின்கட்டுக்கு ஓடுகிற செட்டிநாட்டு வீடும் கப்பல் அறையும் இந்த ஒரு விஷயத்தில் நேர் எதிர். நோய்த்தொற்றைப் பொறுத்தவரை காற்றோட்டம்தான் முக்கியம்.

கொரோனா காற்றில் பரவுகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்த டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3711 பேர் இருந்தார்கள், 712 பேருக்குத் தொற்று. 2022 ஜனவரி முதல் வாரத்தில் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன கப்பல் ஒன்றில் சுமார் 2000 பேரைச் சோதித்ததில் 66 பேருக்குத் தொற்று இருந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, தடுப்பூசி போட்டவர்களும் கப்பல் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று 2021 டிசம்பர் 30 அன்று சொன்னது. 2022 மார்ச் 30-ல் அந்த எச்சரிக்கையை நீக்கியது. ஜூலை 18-ல் கப்பல்களுக்கான கொரோனாத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. இதைப் படித்துவிட்டு ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்று நினைக்க வேண்டாம். முடிவெடுக்கும் பொறுப்பு பயணிகளின் தலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அறைக்குள் தனியாக இருக்கும்போது தொற்று வருவது அபூர்வம். சாப்பாட்டுக் கூடம், லிஃப்ட், நாடக அரங்கம், ஏறும் நாளன்று துறைமுகக் கூடத்தில் நிற்கிற வரிசை, இந்த நாலும்தான் பெரும்பங்கு. துறைமுக வரிசை பலர் கணக்கில் வருவதே இல்லை. ஆயிரம் பேருக்கு மேல் பெட்டியோடு மூடிய கூடத்தில் நிற்கிறார்கள், 2022-ல் பாதிப் பேர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார்கள். அங்கே துணி முகக்கவசம் போதாது, என்95 போட வேண்டும். மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் கூடம் திறந்த உடனே, கூட்டம் சேருமுன் சாப்பிட்டுவிட்டுத் திறந்த தளத்துக்கு வந்துவிடலாம். கையடக்கக் கார்பன்டையாக்சைடு மீட்டர் இருந்தால் கொண்டு போங்கள். திறந்த வெளியில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் காட்டும். 800-க்குள் இருந்தால் உட்காரலாம். 1200-ஐத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் விட்ட மூச்சைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை ராத்திரி என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓமிக்ரான் வகைத் தொற்று பிடித்து ஏறக்குறைய மூன்று நாளில் அறிகுறி காட்டுகிறது. ஆகவே இரண்டு ராத்திரிப் பயணத்தில் கப்பலில் பிடித்த தொற்று வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளிப்படும். ஐந்து ராத்திரி என்றால் நடுக்கடலில் காய்ச்சல் வரும். அதேபோல, கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள்களில் ரயிலிலோ, சென்னை உறவுக்காரர் வீட்டிலோ பிடித்தது கப்பலில் வைத்து வெளிப்படும். இணைநோய் உள்ளவர்களுக்கு இரண்டு ராத்திரிதான் என்று திட்டமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆடியில் கல்யாணம் இல்லை, தொல்லை குறைவு. ஆவணியில் பயணம் என்றால் அதற்கு முந்தைய ஐந்து நாளில் வருகிற முகூர்த்தங்களுக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயில் பகலில் எழும்பூருக்குப் போகிறது. அன்றே கப்பல் ஏறலாம் என்று நேரத்தை ஒட்ட வைக்காதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் ஏறும் வாசல் மூடிவிடும், கட்டிய பணம் திரும்ப வராது. ஒரு நாள் முன்னதாகப் போய் அறை எடுத்துத் தங்குங்கள். முடிந்தால் வீட்டுக் காரிலேயே ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. பரிசோதனைச் சான்று கேட்கிறார்களா, எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்தது வேண்டும் என்பதைச் சீட்டு வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கான மாதிரியைக் கொடுத்து திங்கள் காலை ரிசல்ட்டை எதிர்பார்த்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது கப்பல் மருத்துவமனை. பயணிகள் கப்பல்களில் பொதுவாக ஒரு மருத்துவர், செவிலியர், இசிஜி, ஆக்சிஜன், டிஃபிப்ரிலேட்டர் (இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி), அவசர ஊசி மருந்துகள் இருக்கும். ஆஞ்சியோ (இதய இரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் சோதனை) செய்கிற வசதியோ, அறுவை அரங்கோ, இரத்த வங்கியோ இருக்காது. நிறுவனத்தை அழைத்து இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்: இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருப்பில் இருக்கிறதா? ஆக்சிஜன் எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் தாங்கும்? தொற்று உறுதியானால் அறையிலேயே அடைப்பார்களா, அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்களா, கூட வந்தவருக்கு என்ன ஏற்பாடு? பிரிக்காத இன்சுலின் வைக்க மருத்துவக் குளிர்பெட்டி தருவார்களா? ‘எல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்’ என்ற பதில் பதிலே அல்ல. மின்னஞ்சலில் வாங்குங்கள்.

முடிவெடுக்க உதவுகிற அளவுகோல் நேரம்தான். இரண்டாவது ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால், உங்களுக்கு வேண்டிய மருத்துவமனை எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது? காரைக்குடியில் இருந்தால் மதுரை இரண்டு மணி நேரத்துக்குள். கடலில் இருந்தால் கப்பல் திரும்பி வருகிற நேரம், துறைமுகத்தில் கட்டுகிற நேரம், ஆம்புலன்ஸ் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். கடலோரக் காவல்படை உதவிக்கு வரும். ஆனால் ராத்திரியிலும் அலை அதிகமான நேரத்திலும் ஆளைக் கப்பலிலிருந்து மாற்றுவது எளிதல்ல. வெறுமனே கடலைச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்புகிற பயணம் விசாகப்பட்டினம் வரை போய்வருகிற பயணத்தைவிட அலுப்பாகத் தோன்றலாம். மருத்துவக் கணக்கில் அதுதான் மேல்.

இந்த அளவுகோலில் சிலர் ஏறவே கூடாது. மாரடைப்போ ஸ்டென்ட்டோ ஆகி மூன்று மாதம் முடியாதவர்கள், கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குகிற இதயப் பலவீனக்காரர்கள், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள். இடையில் ஒரு டயாலிசிஸைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனை வரும், வேண்டாம். சிறுநீரக மாற்று செய்தவர்கள் விஷயம் தனி. கொரோனாவுக்கு 2022 ஏப்ரலில் நம் நாட்டில் அனுமதி கிடைத்த நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனவிர் மாத்திரை, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர்கள் சாப்பிடுகிற டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஆபத்தாக ஏற்றிவிடும். அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டிய மருந்து, ஆனால் அவர்களுக்கு லேசில் கொடுக்க முடியாது. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், இரத்தம் கட்டாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த மாத்திரையோடு சிக்கல் உண்டு. ஏறுமுன் மருத்துவரிடம் ‘தொற்று வந்தால் எனக்கு எந்த மருந்து, அப்போது எதை நிறுத்த வேண்டும்’ என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டில் இருக்கிற சர்க்கரை, பிரஷர், பழைய ஸ்டென்ட், லேசான ஆஸ்துமா உள்ளவர்கள், கொரோனாத் தடுப்பூசியின் மூன்றாவதான முன்னெச்சரிக்கைத் தவணையும் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால், போகலாம். 2022 ஜூலை 15-லிருந்து 75 நாளைக்கு அந்தத் தவணை 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அரசு மையங்களில் இலவசமாக இருந்தது. இரண்டாவது ஊசிக்குப் பின் ஆறு மாதம் போதும் என்று அப்போது விதி இருந்தது. கூடப் போகிற பிள்ளைகளும் போட்டுக்கொள்ளட்டும்.

சர்க்கரைக்காரர்களைக் கொரோனாவைவிடச் சீக்கிரம் கவிழ்ப்பது கடல் மயக்கம். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள், அலை ஆடும், சாப்பிட்டது வெளியே வந்துவிடும். மருந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், சர்க்கரை 70-க்குக் கீழே விழும். வியர்வை, நடுக்கம், குழறல் எல்லாவற்றையும் ‘கடல் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று படுக்க வைத்துவிடுவார்கள், ஆபத்து அதில்தான். வாந்தி வந்தாலே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. குளுக்கோஸ் பாக்கெட் பெட்டியில் இருந்து பயனில்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை வாந்தி, பட்டினி நாளில் நிறுத்தி வைப்பது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

கடல் மயக்கத்துக்கான அவோமின் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் நிற்காது. கப்பல் கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் போட வேண்டும். தூக்கம் தரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. இவர்கள் கேட்காமல் போடக் கூடாது. ஆட்டம் குறைய அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், வேண்டாம். ஆடி ஆவணியில் வங்கக் கடலின் வடபகுதியில் தாழ்வு நிலைகள் உருவாகும், விசாகப்பட்டினம் பக்கம் ஆட்டம் அதிகம். தை, மாசி, பங்குனிதான் அமைதி. சாந்திக்கான பரிசு ஆறு மாதம் தள்ளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

பயன்பாட்டில் இருக்கிற இன்சுலின் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும், இரண்டு ராத்திரிக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. ஐஸ் கட்டியை ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். மாத்திரைகளைப் பயண நாளைவிட ஐந்து நாள் கூடுதலாக, தோள்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த பெட்டி அறைக்கு வர ராத்திரி ஆகிவிடும். ஆக்சிமீட்டர், பிரஷர் கருவி, கடைசி இசிஜியின் நகல் மூன்றும் கட்டாயம். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டில் குறை சொல்வதற்கில்லை, உப்பும் இனிப்பும்தான் அதிகம். நம் ஆட்கள் டின் நிறையச் சீப்புச்சீடையும் மனகோலமும் கட்டிக்கொண்டு போவார்கள். வெளிச் சாப்பாட்டைக் கப்பலில் பெரும்பாலும் விடுவதில்லை. விட்டாலும் பிரஷர்காரர்களுக்குச் சீடையின் உப்பு வேண்டாம். பஃபேயில் எல்லாரும் தொடுகிற கரண்டியைத் தொட்டுவிட்டுச் சானிடைசர் போட்டால் போதாது. கப்பல்களில் பரவுகிற, வாந்திபேதி தருகிற நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாகச் சாகாது, சோப்புப் போட்டு 20 நொடி கழுவ வேண்டும்.

காப்பீடு வாங்கும்போது இருக்கிற நோய்களை மறைக்காதீர்கள். சொல்லாத சர்க்கரையைக் காட்டியே கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கப்பலில் செல்லாது. கப்பல் மருத்துவர் கட்டணம் அறைக் கணக்கில் ஏறும், பில்லை வாங்கி வையுங்கள். தொற்றால் பயணத்தை ரத்து செய்தால் பணமாகத் திருப்பித் தருவார்களா, அடுத்த பயணத்துக்கான வரவாக வைப்பார்களா என்று நிபந்தனையில் பாருங்கள். வரவு என்றால், அது காலாவதியாகும் தேதியையும்.

ஊர் திரும்பிய பிறகு ஐந்து நாள் தனி அறை. பட்டாலையில் (வளவுப் பக்கத்து மேடையில்) படுத்துக்கொண்டாலும் போதும், காற்றோட்டம் இருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு ஆன்டிஜன் சோதனை, தொண்டை கரகரத்தால் அன்றே இன்னொன்று. வீட்டில் எண்பது தாண்டிய ஆயா (பாட்டி) இருந்தால், கப்பலில் எடுத்த படங்களை ஆறாம் நாள் போய்க் காட்டுங்கள்.