பேட்மேன் ப்ளூரே பெட்டி: படம் பிரமாதம், வசனம் யாருக்கு?

சுரண்டையிலிருந்து நண்பர் போன் செய்தார். "பேட்மேன் கார்ட்டூன் ப்ளூரே பெட்டி விலை இறங்கியிருக்கு போல. நீரு வருசக்கணக்கா வச்சிருக்கீரே, வாங்கலாமா வே?" போனில் ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் விவரம். 2018 அக்டோபரில் வந்த பெட்டி. 1992இல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' கார்ட்டூன் தொடரும் அதன் பின்தொடரும் சேர்த்து 109 எபிசோடு, கூடவே இரண்டு முழுநீளப் படங்கள். இதற்கு முன்னால் 2004, 2005இல் நான்கு வால்யூமாக வந்த டிவிடிகளை வைத்திருந்தேன். டிவிடிகளுக்கு நாடுவாரியாகப் பூட்டு உண்டு, ரீஜன் என்பார்கள். அவை அமெரிக்க ரீஜன் 1. நம் நாட்டுக்கு ரீஜன் 5. ரிமோட்டில் ரகசிய எண்ணை அடித்து பிளேயரின் பூட்டைத் திறந்துதான் அவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. ப்ளூரே என் பிளேயரில் அந்த வில்லங்கம் எதுவும் இல்லாமல் ஓடியது.

போன மாதம் பிளேயர் படுத்துவிட்டது. டிவிடி போட்டால் ஓடுகிறது, ப்ளூரே போட்டால் 'நோ டிஸ்க்'. முதலில் கொண்டுபோன கடையில், "இதுக்கெல்லாம் சாமான் கெடைக்காது, தூரப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள். பாளையங்கோட்டையில் பழைய ஆடியோ செட்டெல்லாம் பார்க்கிற ஒரு அண்ணாச்சிதான் மூடியைக் கழற்றிக் காட்டினார். "லென்ஸ் போயிட்டு தம்பி. இதுக்குள்ள ரெண்டு லேசர் கெடக்கு. டிவிடிக்கு செவப்பு, ப்ளூரேக்கு ஊதா. ஊதாதான் மங்கிட்டு." இரண்டு வாரத்தில் பிக்கப்பை, அதாவது லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகத்தை, வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். டிஸ்க் வாங்க நினைக்கிறவர்கள் இப்படி ஓர் ஆளைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாங்குங்கள். பிளேயர்களைப் புதிதாகச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ரிப்பேர் முடிந்து வந்த அன்றே 'ஃபீட் ஆஃப் க்ளே' எபிசோடின் இரண்டு பாகத்தையும் போட்டேன். இந்தப் பெட்டியின் அருமை தெரிய இது ஒன்று போதும். இந்தத் தொடரை வரைந்தது ஒரே ஸ்டூடியோ இல்லை. கதையும் முக்கியச் சித்திரங்களும் அமெரிக்காவில் தயாராகும், அசைவு பெரும்பாலும் ஆசியாவில் வரையப்படும். இதன் முதல் பாகத்தை வரைந்தது கொரியாவின் ஏகாம் ஸ்டூடியோ, இரண்டாம் பாகத்தை ஜப்பானின் டிஎம்எஸ். இதில் வில்லன் ஒரு நடிகன், உடம்பு களிமண்ணாகி எந்த உருவத்துக்கும் மாறுகிறவன். கடைசியில் அந்தக் களிமண் மனிதன் முன்னால் அவன் நடித்த பழைய வேடங்களை எல்லாம் திரைதிரையாக ஓடவிடுவான் பேட்மேன். ஒவ்வொரு முகத்தைப் பார்த்ததும் அவன் உடம்பு அதுவாக மாறும், பாதியில் அறுந்து இன்னொன்றாக மாறும். டிவிடியில் அது பழுப்புக் குழம்பாகத்தான் தெரிந்தது. ப்ளூரேயில் கன்னத்தில் சேறு வழிந்து இறங்குவதும், அதற்குள்ளிருந்து வேறொரு மூக்கு எழும்பி வருவதும் கோடு கோடாகத் தெரிகிறது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

இந்தத் தொடரின் இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வரையச் சொன்னவர் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ரடோம்ஸ்கி. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவதைப்போல, வெளிச்சம் விழுகிற இடத்துக்கு மட்டும்தான் வண்ணம். மிச்சமெல்லாம் தாளின் கறுப்பு. ஓடிடியில் இந்தக் கறுப்பு படுகிற பாடு சொல்லி மாளாது. நெட் கொஞ்சம் மந்தமானாலும் சிவந்த வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும், கட்டடங்களின் விளிம்பு கரைந்துவிடும். டிஸ்க்கில் வானத்தின் சிவப்பு அடுக்கடுக்காக இறங்கிக் கறுப்பில் சேர்வது அப்படியே இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் கரண்ட் வந்தும் நெட் வராமல் கிடந்த நாட்களில், அக்காள் வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்து நாங்கள் பார்த்தது இந்தப் பெட்டியைத்தான்.

(ஒரு வேண்டுகோள். படம் பழைய டிவியின் சதுர அளவில்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். தயவுசெய்து ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்பாதீர்கள். என் மச்சான் வந்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்வார். பேட்மேனின் தாடை அகன்றுபோவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.)

இனி எரிச்சல். இத்தனை வருடம் ஆகியும் ஆறாதது.

தமிழ் ஒலி கிடையாது.

மருமகளுக்கு ஏழு வயது. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' போட்டேன். எழுத்துக்காக எம்மி என்ற அமெரிக்க டிவி விருது வாங்கிய எபிசோடு, பால் டினி எழுதியது. கண்ணாடிக் குமிழுக்குள் நடனப் பெண் பொம்மை சுழல, அதைப் பார்த்து வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் பேசத் தொடங்குவார். "மாமா, இந்தக் குளிர்க்காரன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள். அவன் பொண்டாட்டிக்குச் சீக்கு, அவளைக் காப்பாற்ற விடாமல் செய்தவன் மேல் கோபம் என்று சொன்னேன். அடுத்த வசனத்துக்கும் கேட்டாள். கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கதையைப் பிடித்துக்கொண்டாள், அந்த பொம்மையைப் பார்த்து அழவும் செய்தாள். ஆனால் அந்த எபிசோடின் உயிரே அந்த உணர்ச்சியற்ற, தணிந்த குரல்தான். அதன் மேல் என் குரலைப் போட்டு அமுக்க வேண்டியிருந்தது. பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய், முகமூடி இல்லாத புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு அதைவிடக் கனத்த ஒரு குரல் என்று பிரித்துப் பேசியிருப்பார். 2022இல் அவர் இறந்துபோனார். அவர் பேசுகிற இடங்களிலும் நான் பேச வேண்டியிருக்கிறது. ஷெர்லி வாக்கர் முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் போட்ட இசையும் என் பேச்சுக்குள் போய்விடுகிறது.

இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டடுக்கு ப்ளூரே 50 ஜிபி கொள்ளும். 22 நிமிட எபிசோடுக்குச் சாதாரண ஸ்டீரியோ ஒலித்தடம் நொடிக்கு 192 கிலோபிட் கணக்கில் 32 எம்பிதான் வரும். 109 எபிசோடுக்கும் சேர்த்தாலும் மூன்றரை ஜிபி. மொத்தப் பெட்டிக்கும் இவ்வளவுதான்!

நியாயமாகவும் சொல்ல வேண்டும். இது அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டி. டப்பிங் செய்யக் காசு வேண்டும், உரிமை வேண்டும், நம்மூரில் இதை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அவர்களும் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பார்கள். எல்லாம் புரிகிறது. ஆனாலும் ஹாலிவுட் படங்களின் தமிழ் விசிடி ஜங்ஷன் கடைகளில் தொங்கின காலத்தைப் பார்த்தவன் நான். ஸ்பைடர்மேன் தமிழில் பேசினால் கூட்டம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தது. கான்ராய் குரலும் இருக்கட்டும், தமிழும் இருக்கட்டும், ரிமோட்டில் ஒரு பட்டன்தானே?

'பேட்மேன் பியாண்ட்' என்ற இன்னொரு பேட்மேன் கார்ட்டூன் தொடரின் பெட்டியையும் நண்பர் கேட்டார். 2019இல் வந்தது, 52 எபிசோடு. அதில் 41தான் பிலிமிலிருந்து புதுப்பித்தவை. மிச்சம் 11க்கு மூலப் பிலிம் கெட்டுப்போனதால் பழைய வீடியோவையே பெரிதாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒன்று மங்கலாக வந்து நிற்கும். வெளியிட்டவர்கள் இதை முன்கூட்டியே சொல்லித்தான் விற்றார்கள், அதனால் அதில் எனக்குக் கோபம் இல்லை.

ஆக, சுரண்டைக்காரருக்கு என் பதில்: வாங்காதீரும். உம்ம வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டும் தமிழ் மீடியம். உமக்கும் கடையை அடைத்து வீடு சேர ராத்திரி பத்தாகும், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல முடியாது. பிள்ளைகள் படத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும், பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடும். பெட்டி அலமாரியில் தூசி அடையும். படத்தைப் பற்றி மேலே சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கவில்லை, ஆனாலும் வேண்டாம். தமிழ் ஒலியோடு ஒரு பதிப்பு வந்தால் நானே இரண்டாக வாங்கி ஒன்றை சுரண்டை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

எனக்கு சூப்பர்மேன் தொடரின் ப்ளூரே பெட்டி வேண்டும். 2021இல் வந்தது, 54 எபிசோடு. நல்ல நிலையில் யாராவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.