அப்பாவின் ஐசிடிக்கு மருந்து உறையா, ஊசி மட்டும் போதுமா?

அப்பாவுக்கு நெஞ்சில் ஐசிடி வைத்துப் பத்து வருடம் ஆயிற்று. இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்கிற கருவி. போன வருடம் அதன் பேட்டரி கடைசிக் கட்டத்துக்கு வந்தது. பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும் என்றார்கள். மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அதுவே தாங்கவில்லை. "ரயில் பெட்டியிலேயே பேட்டரியை மட்டும்தான்டா மாற்றுவோம்!"

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் ஒன்று கேட்டார்: "ஆன்டிபயாடிக் உறை போடலாமா? பில்லில் தனியாக வரும்." யோசிக்க ஒரு ராத்திரிதான் இருந்தது.

உறை என்பது வலைத்துணியில் தைத்த சின்னப் பை. டப்பாவை அதற்குள் நுழைத்துத் தோலுக்கடியில் வைப்பார்கள். அதில் மினோசைக்ளின், ரிஃபாம்பிசின் என்று இரண்டு மருந்துகள் பூசியிருக்கும். இரண்டாவது, டிபிக்குக் கொடுக்கும் அதே மருந்து. மருந்து ஒரு வாரமாவது கசிந்துகொண்டிருக்கும். வலை ஒன்பது வாரம் போலக் கரைந்துவிடும்.

எல்லாம் கருவியில் கிருமி தொற்றாமலிருக்கத்தான். அதற்கான மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசி எல்லோருக்கும் உண்டு. உறை போட்டாலும் அதை விட முடியாது.

"கூட ரெண்டு நாள் மாத்திரை போட்டால் ஆச்சு, பையெல்லாம் எதுக்கு?" என்றார் செம்பூர் சித்தப்பா. நியாயமான கேள்விதான். 2018-இல் வெளிவந்த பாடிட் என்ற ஆய்வில் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதைத்தான் செய்து பார்த்தார்கள். கூடுதல் ஊசி, காயத்தை மருந்தால் கழுவுவது, பிறகு இரண்டு நாள் மாத்திரை. தொற்று 1.23 சதவீதத்திலிருந்து 1.03-க்கு இறங்கியது. தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவு வித்தியாசம்தான்.

வெள்ளிப் பூச்சும் உண்டு என்றதும் அம்மாவுக்கு அதில்தான் நம்பிக்கை. வெள்ளிப் பாலாடையில் எங்களை வளர்த்தவள் அல்லவா! புற்றுக்காக எலும்பை எடுத்துவிட்டு வைக்கும் பெரிய உலோகத் தண்டுகளில் வெள்ளி பயன்படுகிறது, அது சரி. ஆனால் சில்சோன் என்ற வெள்ளிப் பூச்சு கொண்ட செயற்கை இதய வால்வுகளை, ஓரத்தில் ரத்தம் கசிகிறது என்று 2000-இல் திரும்பப் பெற்றார்கள். கிருமியைக் கொல்வது பக்கத்துத் திசுவையும் சும்மா விடுமா என்பது தனிக் கேள்வி. அதோடு வெள்ளியை விட்டுவிட்டோம்.

உறைக்கான ஆய்வு ராப்-இட், 2019-இல் வந்தது. 6,983 பேர். கருவி மாற்றம் போன்ற காரணங்களுக்காக அறுவை மேஜைக்கு வந்தவர்கள். ஒரு வருடத்தில் பெரிய தொற்று, உறை இல்லாதவர்களுக்கு 1.2 சதவீதம், உறை போட்டவர்களுக்கு 0.7. கேட்கும்போது நாற்பது சதவீதம் குறைந்தது என்பார்கள். நான் இப்படிக் கணக்குப் போட்டேன்: ஒருவரைத் தொற்றிலிருந்து காப்பாற்ற இருநூறு பேருக்கு உறை போட வேண்டும். இந்தக் கணக்கோடு நின்றிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மனதை மாற்றியது வயர்கள். அப்பாவின் டப்பாவிலிருந்து ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் வயர் அங்கேயே பத்து வருடமாக இருக்கிறது. சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து, ரத்தக் குழாயின் சுவரோடு ஒட்டியிருக்கும். டப்பாவில் கிருமி ஏறினால் அதன்மேல் வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும்; ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஏற்றினாலும் உள்ளிருக்கும் கிருமி முழுதாகச் சாகாது. அப்போது டப்பாவோடு வயரையும் உருவியாக வேண்டும். ஒட்டியிருப்பதை லேசர் குழலால் அறுத்து அறுத்து எடுப்பார்கள். குழாயோ இதயமோ கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்க சர்ஜன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எடுத்த பிறகும் வாரக்கணக்கில் ஊசி, அப்புறம் மறுபக்கத்தில் புதுக் கருவி. 74 வயது, சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இவருக்கு அது நடந்தால் என்று நினைத்ததும் இருநூறில் ஒன்று என்பது சின்ன எண்ணாகப் படவில்லை. போதாததற்கு, முதல்முறை வைப்பதைவிட மாற்றும்போதுதான் தொற்று அதிகம். பழைய டப்பாவைச் சுற்றியுள்ள தழும்புப் பையில் ரத்த ஓட்டம் குறைவு.

சாதா பேஸ்மேக்கரை முதல்முறையாக வைத்துக்கொள்பவருக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்தோ (மினோசைக்ளின் அந்த வகைதான்) ரிஃபாம்பிசினோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உறை ஆகாது. அப்பா எப்போதாவது டிபி மருந்து சாப்பிட்டாரா, அப்போது ஏதாவது தடித்ததா என்று அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன்.

உறை போட்டோம். எட்டு மாதம் ஆகிறது, தழும்பு சுத்தமாக இருக்கிறது. உறையால்தானா என்று எப்படிச் சொல்வது? போடாத 1,000 பேரில் 988 பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் அறுவைப் பணத்தைக் கொடுத்துவிட்டு உறைக்கான தொகையை மட்டும் வெட்டிவிட்டார்கள். மூன்றாவது கடிதம் போன வாரம்தான் அனுப்பினேன்.