ஆர்ச்சர் சி6: ரவுட்டர் சரிதான், செட்டப் விசார்ட் சொல்வதை மட்டும் அப்படியே கேட்காதீர்கள்

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 வைஃபை 5 ரவுட்டர். பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருப்பது 5 கிகாஹெர்ட்ஸின் 867 எம்பிபிஎஸ்ஸையும் 2.4-இன் 300-ஐயும் கூட்டி, வரும் 1167-ஐ 1200 ஆக்கிய விளம்பரக் கணக்கு. எந்தப் போனிலும் 1200 வராது. அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸில் 400 எம்பிபிஎஸ் பக்கம் வந்தாலே நல்ல வேகம். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போனால் சிக்னல் பேருக்குத்தான் இருக்கும்.

இதை வாங்கக் காரணம் பின்பக்கத்து போர்ட்டுகள். வேன் (வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்) ஒன்று, லேன் (வீட்டுக் கருவிகளுக்கான போர்ட்) நான்கு, ஐந்துமே கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். இதே நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50-இல் எல்லாம் 100 எம்பிபிஎஸ் போர்ட்; 200 பிளான் போட்டாலும் 95-ஐத் தாண்டாது. சி6-இல் யூஎஸ்பி போர்ட் கிடையாது, ஹார்ட் டிஸ்க் மாட்டும் எண்ணம் இருந்தால் வேறு மாடல் பாருங்கள்.

கோளாறு பெரும்பாலும் செட்டப்பில்தான் வருகிறது. பைபர் இணைப்பில் கம்பெனி கொடுக்கும் ஓஎன்டி பெட்டியே (பைபர் ஒயர் வந்து சேரும் பெட்டி) பெரும்பாலும் ரவுட்டராகவும் வேலை செய்யும். அதன் பின்னால் சி6-ஐ மாட்டி, விசார்டில் (படிப்படியாகக் கேட்டு அமைக்கும் திரை) 'டைனமிக் ஐபி' கொடுத்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போனால் நெட் வந்துவிடும். ஆனால் வீட்டில் இரண்டு ரவுட்டர், இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். ஓஎன்டி வைஃபையில் இருக்கும் பிரிண்டரை சி6-இல் இருக்கும் லேப்டாப் தேடிக்கொண்டே இருக்கும், டிவிக்கு காஸ்ட் ஆகாது, ஆன்லைன் கேமில் நேட் (பல கருவிகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கும் முறை) பிரச்சினை வரும். பிரவுசரில் சி6-இன் முகவரியான 192.168.0.1-இல் நுழைந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ஆபரேஷன் மோடை 'ஆக்சஸ் பாயின்ட்' (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தருவது) என்று மாற்றுங்கள். ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை சி6-இன் வேன் போர்ட்டில் செருகினால் போதும். இனி ஐபி கொடுப்பது ஓஎன்டி என்பதால் சி6-இன் முகவரியும் மாறும். ஓஎன்டியின் கிளையன்ட் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே ஓஎன்டியின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள்.

பேரன்டல் கன்ட்ரோல் போன்றவை வேண்டுமென்றால் ஆக்சஸ் பாயின்ட் மோட் உதவாது. கம்பெனியிடம் சொல்லி ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் நெட்டை அப்படியே கடத்துவது) மாற்றி, பிபிபிஓஇ (கம்பெனியின் நெட்டுக்கான லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டை சி6-இல் போடுவதுதான் வழி. கேமராவை வெளியிலிருந்து பார்க்க போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை அந்தக் கருவிக்கு அனுப்புவது) செய்யப் போகிறவர்கள் முதலில் வேன் ஐபியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் கம்பெனியே நேட் போட்டிருக்கிறது, எந்த ரவுட்டர் வாங்கினாலும் பார்வர்டிங் நடக்காது.

கேபிள் டிவிக்காரர் லேன் ஒயரில் நெட் கொடுத்திருந்தால் இரண்டு விஷயம். பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) அவர் பதிந்து வைத்திருந்தால் புதியதில் நெட் வராது. 'மேக் குளோன்' பகுதியில் பழைய முகவரியைப் போடுங்கள். வேகம் 95-லேயே நின்றால் ஆர்ஜே45 கனெக்டரைப் பாருங்கள். நான்கு ஒயர் மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

வைஃபையில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைக்கும் 'ஸ்மார்ட் கனெக்ட்'டை அணைத்து, 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைப்பது என் பரிந்துரை. ஸ்மார்ட் பல்பு, பிளக் எல்லாம் பெரும்பாலும் 2.4-ஐ மட்டுமே அறியும். ஒரே பெயர் இருந்தால் முதல் இணைப்பிலேயே முரண்டு பிடிக்கும். அபார்ட்மென்டில் 2.4-க்கு அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்தது. 5-க்கு 80 மெகாஹெர்ட்ஸ். டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு இல்லாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் வசதி) வேண்டாம், அணைத்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் மாட்டிப் பயனில்லை, ஓஎன்டியும் அணைந்துவிடும். இரண்டு அடாப்டரிலும் 12 வோல்ட் என்று இருக்கிறதா பார்த்து, இரண்டின் ஆம்பியரையும் கூட்டி, அதைத் தாங்கும் இரட்டை வெளியீட்டு யூபிஎஸ்ஸாக வாங்குங்கள்.