180 டாலருக்கு ஒரு பட்டன்: பழைய பிசிக்கு டீபக் போர்டு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் ஏலத்துக்கு வரும் ஒரு தளத்தில், "ஐபிஎம் பிசி, எக்ஸ்டிக்கான ஹார்டுவேர் டீபக்கர் போர்டு, சோதித்தது, நன்றாக வேலை செய்கிறது" என்று போட்டிருந்தார்கள். ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்திப் பிழை தேட உதவுவதுதான் டீபக்கர். 180 டாலர். வந்து இறங்கிய போர்டில் வேலை செய்வது ஒரு பட்டனும் இரண்டு ஒயரும்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது இந்த மெஷின்களில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இவற்றின் பிராசஸரான 8088இல், முகவரியைக் கண்காணிக்கும் டீபக் ரெஜிஸ்டர் கிடையாது, அது 80386இல்தான் வந்தது. சாதாரண டீபக்கர், நிறுத்த வேண்டிய இடத்தில் சிசி என்ற பைட்டை, அதாவது நிறுத்தும் கட்டளையை, எழுதிவைக்கும். ராமில் சரி, படிக்க மட்டுமே முடிகிற ரோமில் எப்படி எழுதுவது? எந்த ரொட்டீன் வந்து ஒரு முகவரியைக் கெடுக்கிறது என்பதையும் அதனால் பிடிக்க முடியாது. புரோகிராம், குறுக்கீடுகளைத் தடுக்கும் சிஎல்ஐ கட்டளையைப் போட்டுவிட்டு ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தால் கீபோர்டும் செத்தது, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்கூட எடுபடாது. அப்போதும் உள்ளே நுழையக்கூடியது, தடுக்க முடியாத குறுக்கீடான என்எம்ஐ ஒன்றுதான். நிஜமான போர்டு, முகவரியைச் சுமக்கும் 20 அட்ரஸ் லைன்களையும் கவனித்துக்கொண்டே இருந்து, சொன்ன முகவரி வந்ததும் ஸ்லாட்டின் ஏ1 பின்னைக் கீழே இழுத்து என்எம்ஐயை எழுப்பும்.

நம்பவைத்தது ஒரு படம். திரை நிறைய ரெஜிஸ்டர்கள், அடியில் "பட்டனை அழுத்தியதும் வந்தது" என்று குறிப்பு. விசாரித்ததும், "எங்களிடமே எக்ஸ்டி இருக்கிறது, ஓட்டிப் பார்த்துத்தான் போட்டோம்" என்று நிமிடத்தில் பதில். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஐபி=0100. ஐபி என்பது அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரி. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை இடைமறித்த இடமா அது? டாஸோடு வரும் டீபக்கைத் திறந்து ஆர் என்று அடித்தால் எந்த மெஷினிலும் வருகிற திரை!

சோதனை சுலபம். டீபக்கில் இ 100 எஃப்ஏ இபி எஃப்இ என்று அடித்து, ஜி=100 கொடுங்கள். முதல் பைட் சிஎல்ஐ, அடுத்த இரண்டும் தன்மீதே தாவும் ஜம்ப். மெஷின் உறைந்துபோகும். இப்போது பட்டனை அழுத்தினால் டீபக்கர் எழுந்து வர வேண்டும். வந்தது "பாரிட்டி செக் 2". அது போர்டு காட்டுவதல்ல, மெஷினின் ரோமில் உள்ள பயாஸின் சொந்த என்எம்ஐ ரொட்டீன் காட்டும் செய்தி. காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஏ1க்கு நேர் பின்னால் இருக்கும் பி1 கிரவுண்ட். இரண்டையும் ஒரு பட்டனால் சேர்த்தாலே இது வந்துவிடும். இதற்கா 180 டாலர்?

20 லைன்களை ஒப்பிட, எட்டு எட்டாக ஒப்பிடும் 74எல்எஸ்688 சிப் குறைந்தது மூன்று வேண்டும். இதில் ஒன்றுதான் இருக்கிறது, ஒப்பிட்ட விடை வரும் அதன் 19ஆம் பின்னிலிருந்து ட்ராக் எங்கும் போகவில்லை. சும்மா ஒப்புக்கு வைத்திருக்கிறார்கள். "டீபக்கர் ரோம்" என்று லேபிள் ஒட்டிய 2764 ரோம் சிப்பைப் படித்தால் 8192 பைட்டும் எஃப்எஃப். எழுதவே இல்லை.

விற்றவர்களைக் கேட்டால், முதலில் "கனெக்டரை ரப்பரால் துடையுங்கள்". துடைத்தாயிற்று. பிறகு "உங்கள் மதர்போர்டில் கோளாறு". மதர்போர்டு மெமரியில் பிழை என்றால் பாரிட்டி செக் 1 வரும், 2 என்பது ஸ்லாட் பக்கத்திலிருந்து வருவது என்று சொன்னதற்கு, "சாஃப்ட்வேர் டிஸ்க் விட்டுப்போச்சு, அனுப்புகிறோம்". வந்த 360 கேபி டிஸ்கில் ஒரு ஃபைல்கூட இல்லை. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. உடனே "பழைய பொருள், உள்ளது உள்ளபடி விற்றோம்" என்று குரல் மாறிவிட்டது. தளமோ "படத்தில் உள்ள போர்டுதானே வந்திருக்கிறது" என்று புகாரை மூடிவிட்டது. 180 டாலர் அம்போ.

வாங்குவதற்கு முன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. போர்டின் இரண்டு பக்கப் படமும் சிப் எண்கள் தெரியும்படி கேளுங்கள். ரோமைப் படித்த ஃபைலைக் கேளுங்கள். அந்த மூன்று பைட் சோதனையை வீடியோவாகக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். டிஸ்க் வருகிறது, கேபிள் வருகிறது என்றெல்லாம் சொன்னால் காத்திருக்காமல் கெடுவுக்குள் புகாரைப் போட்டுவிடுங்கள்.