நீட் எஸ்.எஸ்., ஐ.என்.ஐ. எஸ்.எஸ்., எம்.ஆர்.சி.பி.: பொது மருத்துவ எம்.டி. மாணவர் எதை எப்போது படிப்பது?

எம்.டி. பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு பாதி கடந்ததும் டூட்டி அறையில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்: "எஸ்.எஸ். எழுதப் போறீங்களா, எம்.ஆர்.சி.பி. போறீங்களா?" கேட்பதற்கு இரண்டு வழி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று தேர்வுகள் இருக்கின்றன: உயர்சிறப்புப் படிப்புக்கான (எஸ்.எஸ்.) நீட் எஸ்.எஸ்., ஐ.என்.ஐ. எஸ்.எஸ்., பிறகு பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி. பாடம் ஒன்றுதானே, ஒன்றுக்குப் படித்தால் மற்றதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்து, ஒரே ஆண்டில் மூன்றுக்கும் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். பாடம் ஒன்று என்பது உண்மை. ஆனால் கேட்கும் விதம் வேறு, மதிப்பெண் கணக்கு வேறு, சறுக்கும் இடமும் வேறு.

முதலில் எலும்புக்கூடு. நீட் எஸ்.எஸ். தேர்வைத் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்துகிறது. 150 கேள்விகள், 150 நிமிடங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 600. தாள் 50 கேள்விகள் கொண்ட மூன்று பகுதிகளாக வரும், ஒவ்வொன்றுக்கும் 50 நிமிடம். நேரம் முடிந்த பகுதிக்குத் திரும்ப வழியில்லை. இதில் பெறும் ரேங்கை வைத்து டி.எம்., டி.ஆர்.என்.பி. என்ற இரண்டு வகை உயர்சிறப்புப் படிப்புகளின் சீட்டுகளுக்கும் கவுன்சிலிங் நடக்கிறது.

ஐ.என்.ஐ. எஸ்.எஸ். டெல்லி எய்ம்ஸின் கையில் இருக்கிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. எய்ம்ஸ் நிறுவனங்கள், சண்டிகர் பி.ஜி.ஐ., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களின் சீட்டுகளுக்கு இதுதான் வாசல். 80 கேள்விகள், 90 நிமிடங்கள். சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. அதைத் தாண்டினால் அந்தந்தத் துறை நடத்தும் செய்முறைத் தேர்வு. எழுத்துக்கு 80, செய்முறைக்கு 20.

எம்.ஆர்.சி.பி. பிரிட்டனின் மூன்று ராயல் கல்லூரிகள் சேர்ந்து நடத்துவது. பார்ட் 1, பார்ட் 2 எழுத்துத் தேர்வுகள் ஒவ்வொன்றிலும் தலா 3 மணி நேரத்தில் இரண்டு தாள், தாளுக்கு 100 கேள்வி, ஐந்து விடைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழிவு மதிப்பெண் கிடையாது. பிறகு பேசஸ் என்ற நேர்முக மருத்துவத் தேர்வு. பார்ட் 1 தேறிய நாளிலிருந்து 7 ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இது ரேங்க் தேர்வு அல்ல. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டினால் போதும், பக்கத்து இருக்கைக்காரர் எத்தனை எடுத்தார் என்பது உங்களைத் தொடாது. முதல் இரண்டிலும் அவர் எடுப்பதுதான் உங்கள் கவலையே.

ஒரு நோய், மூன்று கேள்வி

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம்.

நீட் எஸ்.எஸ். பாணியில் கேட்டால்: ஐம்பது வயது ஆண், கால் வீக்கம், சிறுநீரில் ஏராளமான புரதம், ரத்தத்தில் பி.எல்.ஏ.2.ஆர். எதிர்ப்பொருள் இருக்கிறது, நோய் என்ன, அல்லது அடுத்த சிகிச்சை என்ன? எம்.டி. பாடத்தின் எல்லைக்குள் நிற்கும் கேள்வி இது. 2022 முதல் இந்தத் தேர்வு டி.எம். துறை வாரியாகக் கேட்பதை விட்டு, எம்.டி. பாடத்தையே ஒட்டுமொத்தமாகக் கேட்கும் முறைக்கு மாறிவிட்டது. கார்டியாலஜி வேண்டும் என்பவரும் ருமட்டாலஜி வேண்டும் என்பவரும் ஒரே தாளைத்தான் எழுதுகிறார்கள். ஆகவே விருப்பத் துறையை மட்டும் ஆழமாகத் தோண்டியவருக்குப் பழைய முறையில் கிடைத்த ஆதாயம் இப்போது இல்லை. இதயத்தில் முழு மதிப்பெண் வாங்கி, தோல் நோயிலும் தொற்று நோயிலும் விட்டால் ரேங்க் சரியும்.

ஐ.என்.ஐ. எஸ்.எஸ். நெஃப்ராலஜி தாளுக்கு அதே நோய் வந்தால் பி.எல்.ஏ.2.ஆர்.-ல் நிற்காது. பயாப்சியில் நெல்-1 என்ற புரதம் படிந்திருக்கிறது, அடுத்து என்ன தேடுவீர்கள் என்று போகும். (புற்றுநோயை.) இங்கே ஆழம்தான் பேச்சு. இரண்டாம் கட்டத்தில் ஸ்லைடையோ, ஈ.சி.ஜி.யையோ, ஸ்கேனையோ கையில் கொடுத்துப் பேசச் சொன்னால், விடையை வட்டமிட்டுப் பழகியவருக்கு நாக்கு எழாது.

எம்.ஆர்.சி.பி. பார்ட் 1: அதே நோயாளிக்குத் திடீரென்று விலாப்புற வலி, சிறுநீரில் ரத்தம், காரணம் சிறுநீரகச் சிரை உறைவா, வேறு எதுவுமா? ஐந்து விடைகளில் மூன்று சரியாகத்தான் தோன்றும். "மிகச் சிறந்தது" என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் தவறு நிச்சயம். பேசஸில் அதே ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர், எனக்கு டயாலிசிஸ் வந்துவிடுமா?" என்று கேட்பார். அதற்கான பதில் எந்தக் கொஸ்டின் பேங்கிலும் இல்லை.

ஊகிக்கலாமா, விடலாமா?

இதைக் கணக்காகப் பார்க்காமல் பயத்தால் முடிவெடுப்பதால்தான் நல்ல மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

நீட் எஸ்.எஸ்.-ல் நான்கு விடையும் தெரியாமல் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாகக் கேள்விக்கு கால் மதிப்பெண் லாபம். ஒரு விடையை நீக்க முடிந்தால் லாபம் 0.67, இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டால் 1.5. இப்படி இரண்டுக்கு நடுவே மாட்டிய 40 கேள்விகளைப் "பாதுகாப்பாக" விட்டுவிட்டு வருபவர் ஏறத்தாழ 60 மதிப்பெண்ணை அறையிலேயே விட்டுவிட்டு வருகிறார். இங்கே ஒரு கேள்வியையும் விடக் கூடாது.

ஐ.என்.ஐ. எஸ்.எஸ்.-ல் குருட்டு ஊகத்தின் சராசரி பூஜ்யம். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் 20 கேள்விகளை அப்படிக் குறித்தால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து இரண்டு மூன்று மதிப்பெண் மேலேயோ கீழேயோ போகும். 80-க்குப் போட்டி நடக்கும்போது அது பெரிய தூரம். ஒரு விடையையாவது நீக்க முடிந்தால் குறியுங்கள் (லாபம் 0.11), இரண்டை நீக்கினால் தயங்கவே வேண்டாம் (0.33), எதையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். எம்.ஆர்.சி.பி.யில் வெற்று வட்டம் வைப்பதற்குக் காரணமே இல்லை.

நேரக் கணக்கும் வேறுதான். நீட் எஸ்.எஸ்.-ல் கேள்விக்கு 60 வினாடி, ஐ.என்.ஐ.-ல் 67 வினாடிக்குச் சற்று மேல், எம்.ஆர்.சி.பி.யில் 108 வினாடி. கடைசியது தாராளமாகத் தெரியும். கேள்வியின் நீளத்தைப் பார்த்த பிறகு தெரியாது. நீட் எஸ்.எஸ்.-க்கு 150 கேள்வி மாக் டெஸ்டை ஒரே மூச்சில் எழுதிப் பழகுவதைவிட, 50 நிமிட அலாரம் வைத்து 50 கேள்வி எழுதுங்கள்: முதல் 38 நிமிடத்தில் ஒரு சுற்று, மீதி 12 நிமிடத்தில் குறித்து வைத்தவை மட்டும். முதல் பகுதியில் ஒரு கடினமான கேள்வியில் நாலு நிமிடம் உட்கார்ந்தால், அந்த நஷ்டத்தை மூன்றாம் பகுதியில் ஈடுகட்ட முடியாது.

எம்.ஆர்.சி.பி.யின் கண்ணிகள்

அறிவு போதாமல் தோற்பதைவிட நாடு மாறியதை மறந்து தோற்பதுதான் இங்கே அதிகம். மூன்று இடங்களைச் சொல்லலாம்.

அலகுகள். கிரியாட்டினின் 1 மி.கி. என்பது அங்கே 88 மைக்ரோமோல். சர்க்கரை 200 என்பது 11.1 மில்லிமோல், கால்சியம் 10 என்பது 2.5; பிலிருபின் 1 என்பது 17. ஒவ்வொரு கேள்விக்கும் மனதில் மாற்றிக்கொண்டிருந்தால் 108 வினாடி கரைந்துவிடும். படிக்கத் தொடங்கும் முதல் வாரத்திலிருந்தே அங்குள்ள அலகில் யோசிக்கப் பழக வேண்டும்.

வழிகாட்டு நெறிகள். நம் வார்டில் 2017 அமெரிக்க நெறிப்படி 130/80 என்றாலே ரத்த அழுத்த நோய் என்று பேசிப் பழகியிருப்போம். பிரிட்டனின் நைஸ் நெறியில் கிளினிக் அளவு 140/90. உறுதிப்படுத்த வீட்டிலோ 24 மணி நேரக் கருவியிலோ 135/85. முதல் மருந்தும் வயதைப் பொறுத்தது: 55-க்குக் கீழே ஏ.சி.இ. தடுப்பான், அதற்கு மேல் கால்சியம் தடுப்பான், டைப் 2 நீரிழிவு இருந்தால் எந்த வயதிலும் ஏ.சி.இ. அல்லது ஏ.ஆர்.பி. இதை இந்தியத் தேர்வுப் பழக்கத்தில் எழுதினால் மதிப்பெண் போகும்.

சட்டமும் வழக்கமும். முதல் தடவை காரணமில்லாமல் வலிப்பு வந்தவர் எத்தனை மாதம் கார் ஓட்டக் கூடாது என்பது அங்கே உண்மையான தேர்வுக் கேள்வி. (பரிசோதனைகள் சரியாக இருந்தால் ஆறு மாதம்; கால்-கை வலிப்பு என்று உறுதியானவருக்கு ஒரு வருடம்.) நம் ஓ.பி.யில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேசஸ் இன்னொரு உலகம். ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். பரிசோதனை, அறிகுறி கண்டுபிடித்தல், பேச்சு, வேறுபடுத்தி நோயறிதல், மருத்துவத் தீர்ப்பு, நோயாளியின் கவலைக்குப் பதில், நோயாளியின் நலம் காத்தல் என ஏழு திறன்களில் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒன்றில் விழுந்தால் மொத்தமும் விழும். எம்.டி. செய்முறையில் லாங் கேஸை (ஒரு நோயாளியை முழுதாக ஆராய்ந்து சொல்வதை) தெளிவாகச் சொல்லி, முர்மரை (இதயத்தின் கூடுதல் ஒலியை) பிடித்துவிட்டால் தேர்வாளர் மகிழ்ந்துவிடுவார். பேசஸில் முர்மரைப் பிடித்தும், வயிற்றை அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்ததைக் கவனிக்காமல் தோற்றவர்கள் உண்டு. "இங்கே தொட்டால் வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தும் பழக்கத்தை வார்டிலேயே தினமும் செய்யாமல், தேர்வுக்கு முந்தின மாதம் மட்டும் வரவழைக்க முடியாது.

எதை எந்த ஆண்டில்?

எம்.ஆர்.சி.பி. வேண்டும் என்றால் பார்ட் 1-ஐ எம்.டி. முதல் ஆண்டின் கடைசியிலோ இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலோ எழுதிவிடுவது நல்லது. அதில் 25 கேள்விகள் உடலியங்கியல், புள்ளியியல், மரபியல் போன்ற அடிப்படை அறிவியலில் வரும், நீட் பி.ஜி.க்குப் படித்தது அப்போதுதான் ஈரம் காயாமல் இருக்கும். பார்ட் 2 அடுத்த ஆண்டு. பேசஸை எம்.டி. செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம். 7 ஆண்டு அவகாசம் இருப்பதால் அவசரமில்லை, கட்டணமோ ஆயிரம் பவுண்டைத் தாண்டும்.

நீட் எஸ்.எஸ். மட்டும் இலக்கு என்றால் எம்.ஆர்.சி.பி. பக்கம் போகவே வேண்டாம். கார்டியாலஜி, நியூராலஜி, நெஃப்ராலஜி சுழற்சிப் பணிகளின்போது அந்தத் துறையின் கேள்விகளை முடித்துவிடுங்கள். டூட்டி நாளில் 20, மற்ற நாளில் 50 என்ற அளவு நடைமுறைக்கு ஒத்து வரும். 100 என்று திட்டமிடுபவர்கள் மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவார்கள். தவறான கேள்விகளுக்கு ஒரு நோட்டு வைத்து, விடையை எழுதாமல் காரணத்தை எழுதுங்கள்: தெரியாதது, குழம்பியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது, நேரம் போதாதது. மூன்றாவதும் நான்காவதும் அதிகமாக இருந்தால் இன்னும் படிப்பதால் மதிப்பெண் ஏறாது, நேரம் வைத்து எழுதிப் பழகுவதால்தான் ஏறும்.

ஐ.என்.ஐ.க்கும் நீட் எஸ்.எஸ்.-க்கும் சேர்த்துப் படிக்கலாம், ஒரு நிபந்தனையோடு: அகலம் முதலில், ஆழம் பிறகு. எல்லாத் துறையையும் ஒரு சுற்று முடிக்காமல் விருப்பத் துறையின் ஆழத்தில் இறங்கினால் நீட் எஸ்.எஸ். கைவிட்டுப் போகும்.

இடையில் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. இறுதித் தேர்வு இருப்பதை மறந்துவிடக் கூடாது. வட்டமிட்டுப் பழகிய கை பக்கக் கணக்கில் எழுதாது. டி.என்.பி. தாளில் 10 மதிப்பெண் கேள்விகள் பத்து, 180 நிமிடம். கேள்விக்கு 18 நிமிடம். கடைசி நான்கு மாதம் கொஸ்டின் பேங்கைத் தினம் 20 கேள்வியாகச் சுருக்கி, வாரம் இரண்டு முழு விடைகளைக் கடிகாரம் வைத்துப் படத்தோடு எழுதிப் பாருங்கள்.

யாருக்கு எது என்பதில் எங்கள் கருத்து நேரானது. இந்தியாவில் டி.எம். செய்து இங்கேயே இருக்கப் போகிறவருக்கு எம்.ஆர்.சி.பி. அலங்காரம்தான், அது மட்டும் இருந்தால் இங்கே எம்.டி.க்கு ஈடாகாது. பிரிட்டன் போக முடிவு செய்தவருக்கு அதுவே அங்கே மருத்துவராகப் பதிவு செய்வதற்கான பிளாப் தேர்வுக்கு மாற்று, கூடவே ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7 வேண்டும், அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு. இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர் பார்ட் 1-ஓடு நிறுத்தி யோசிப்பது மலிவு. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குக் கணக்கே வேறு: அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் பாதியைப் பணியில் உள்ளோருக்கு ஒதுக்கும் 2020 அரசாணை, 2022-ல் உச்ச நீதிமன்றத்தின் அனுமதிக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நீட் எஸ்.எஸ்.-ஐத்தான்.

எம்.ஆர்.சி.பி.க்கு விண்ணப்பிப்பவர்கள் பெயரை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் ஒற்றை எழுத்து இனிஷியலாகவும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராகவும் இருப்பது நம் ஊர் வழக்கம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பார்ட் 1-லிருந்து எழுதிவிட்டால், பின்னால் பிரிட்டனில் பதிவு செய்யும்போது பெயர் மாற்றக் கடிதங்களுக்கு அலைய வேண்டியிருக்காது.