பங்கிலாபம் வந்தது, முதல் போனது: பணிக்கொடை வைத்திருப்போர் கவனத்துக்கு

திருகோணமலையில் ஓய்வுபெற்று, பணிக்கொடையை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு மாதத்தில் எனக்கு 2 இலட்சம் ரூபா போனது. எல்லாம் கையொப்பத்தோடும் சீட்டோடும் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் எனக்கு விளங்கவில்லை.

2023 நடுப்பகுதியில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது ஞாபகம் இருக்கும். என்னுடைய நிலையான வைப்பு முதிர்ந்தபோது வங்கியில் சொன்ன புது வட்டி பழையதில் பாதிதான். அந்த நேரத்தில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் ஆலோசகர் உவர்மலையில் உள்ள என் வீட்டுக்கே வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. "டீச்சர், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. பங்கிலாபம் குடுக்கிற கொம்பனியளா எட்டு எடுத்துத் தாறன், பென்சன் மாதிரி வரும்" என்றார். பங்கிலாபம் என்பது கொம்பனி தன் இலாபத்தில் பங்கு வைத்திருப்போருக்குக் கொடுக்கும் பணம். பணத்தை ஒரே இடத்தில் போடக்கூடாது, எட்டாகப் பிரிக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். சரியான பேச்சுத்தானே? 2024 ஜனவரியில் 12 இலட்சம் கொடுத்தேன். பங்குகளை நம் பெயரில் வைத்திருக்கும் சீடீஎஸ் கணக்குக்கான படிவத்தை அவரே நிரப்பினார், நான் கையொப்பம் வைத்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து பங்கிலாபம் வங்கிக்கு வரத் தொடங்கியது. போனில் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் மனம் குளிர்ந்தது. இடைக்கிடை அவர் அழைத்து, "டீச்சர், இதை மாத்தி அதை எடுப்பம்" என்பார். நானும் "சரி தம்பி" என்பேன். எட்டு மாதத்தில் 1 இலட்சத்து 87 ஆயிரம் கைக்கு வந்தது.

ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோவில் தீர்த்தத்துக்கு வந்த மகள்தான் கணக்கைக் கேட்டுப் பார்த்தாள். என்ன வாங்கியது, என்ன விற்றது என்று காட்டும் மாதக் கூற்று எனக்கு வந்ததே இல்லை. படிவத்தில் என் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி எழுதப்பட்டிருந்தது, அது நான் திறந்ததல்ல. கூற்றுகளை எடுத்துப் பார்த்தால், 12 இலட்சம் 8 இலட்சத்து 10 ஆயிரமாக இருந்தது. வந்த பங்கிலாபத்தைச் சேர்த்தாலும் 10 இலட்சம் நிரம்பவில்லை.

நடந்தது இதுதான். ஒரு கொம்பனி பங்கிலாபம் அறிவித்தால், எக்ஸ்டி திகதி என்று ஒன்று வரும். அதற்கு முன் பங்கு வாங்கியவருக்குத்தான் அந்தப் பணம். அந்த ஆலோசகர் என் பணத்தில் அந்தத் திகதிக்குச் சற்று முன் வாங்கி, கழிந்ததும் விற்று, அடுத்த கொம்பனிக்குத் தாவியிருக்கிறார். 50 ரூபாப் பங்கு ஒன்று 2 ரூபா தருகிறது என்று வையுங்கள். 15 சதவீத வரி போக உங்கள் கைக்கு 1 ரூபா 70 சதம். எக்ஸ்டி அன்று பங்கின் விலை பெரும்பாலும் அந்த 2 ரூபா அளவுக்கு இறங்கிவிடும். வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம் கட்டணம், சேர்த்து ஏறத்தாழ 1 ரூபா 10 சதம். ஆக ஒவ்வொரு பங்கிலும் 1 ரூபா 40 சதம் நட்டம். ஆனால் வங்கியில் 1 ரூபா 70 சதம் வந்து விழுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

என் 12 இலட்சத்தை வைத்து வாங்கியும் விற்றும் ஓடிய மொத்தத் தொகை 1 கோடி 40 இலட்சம். அதற்குக் கட்டணம் 1,56,800 ரூபா. அந்த 1.12இல் 0.64 தரகு நிறுவனத்துக்குப் போவது, அதாவது 89,600 ரூபா. விலை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன, அது அவர்களுக்கு நிச்சயம்.

"எட்டாகப் பிரிப்பது" பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பட்டியலில் இருந்த எட்டில் ஆறு வங்கியும் நிதிக் கொம்பனியும். பெயர் எட்டு, தொழில் ஒன்று. 2020இல் கொரோனா காலத்தில் மத்திய வங்கி ஒரே பணிப்புரையில் வங்கிகளின் காசுப் பங்கிலாபத்தை நிறுத்தி வைத்தது. அப்படி ஒன்று திரும்ப வந்தால் அத்தனை வங்கிப் பங்கும் ஒரே நாளில் கைவிரித்துவிடும். மிச்சம் இரண்டில் ஒன்று காணி விற்ற காசை ஒருமுறை விசேட பங்கிலாபமாகக் கொடுத்த கொம்பனி. அந்த ஒரு வருடக் கணக்கைக் காட்டி "18 சதவீதம் தருது" என்றார்.

ஓகஸ்ட் முடிவில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அப்போது கொழும்புப் பங்குச் சந்தையின் மொத்த விலைப் போக்கைக் காட்டும் சுட்டெண் ஜனவரியில் இருந்த இடத்திலிருந்து பெரிதாக நகரவில்லை, ஆகவே சந்தை விழுந்ததால் போனது என்று சொல்லவும் வழியில்லை. டிசம்பர் முடிவில் அது 15,900ஐத் தாண்டியது. சும்மா வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் கிடைத்தது. அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். "ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் சம்மதம் தந்தீர்கள்" என்று பதில் வந்தது. நான் சொன்ன "சரி தம்பி" அவர்களிடம் பதிவாக இருக்கிறது. அப்புறம் மின்னஞ்சல் விடயத்தையும் சேர்த்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

மிஞ்சியதில் பாதி இப்போது நிலையான வைப்பில். மற்றப் பாதி வேறொரு தரகர் ஊடாக ஒரு வங்கி, ஒரு உணவுக் கொம்பனி, ஒரு வைத்தியசாலை, ஒரு தோட்டக் கொம்பனி, ஒரு தொலைத்தொடர்பு என்று இருக்கிறது. வாங்கி விட்டுவிட்டேன், மாற்றுவதில்லை. கூற்று என் போனுக்கே வருகிறது.

வீட்டுக்கு வந்து யாராவது உங்கள் படிவத்தை நிரப்பித் தந்திருந்தால், அதில் என்ன மின்னஞ்சல், என்ன போன் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று நாளைக்கே கேட்டு, பிரதி ஒன்று வாங்கிப் பாருங்கள்.